ஒற்றையாட்சியும் ஒருமித்த நாடும்: ஓர் அரசியற் சொற்றொடரின் மொழிபெயர்ப்புப் பற்றிய நோக்கு

பொருள் தெரியாத சொல்லொன்றை மொழிபெயர்ப்பாளன் எதிர்கொள்வானாயின், அகராதியைப் புரட்டி அதன் பொருளை அறிந்துகொள்ளலாம். பல பொருள் தரும் சொல்லொன்றை எதிர்கொள்ளும்போது அவ்வழி அவனுக்கு அடைபட்டுவிடுகின்றது. அச்சொல்லை ஆண்டவர் கருதிய பொருள் யாது என்பதைச் சூழலை நோக்கி அவனே துணிதல் வேண்டும். ஆண்டவர் பலராய் இருந்து, அவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளைக் கருதியிருப்பின் இடர்ப்பாடு மேலும் பெருகும். அரசியல் ஆவணங்களிற் பெரும்பாலும் நேர்வது இதுவே. இலங்கையின் அண்மைக்கால அரசியலமைப்பு முயற்சியொன்றிற் கையாளப்பட்ட 'ஒருமித்த நாடு' என்னும் தொடர் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

2016 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாராளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, புதிய அரசியலமைப்பொன்றை ஆக்கும் பொருட்டுப் பாராளுமன்ற உறுப்பினர் அனைவரும் அரசியலமைப்புச் சபையாக அமைந்தனர். பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தலைமையில் இயங்கிய வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை 2017 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி அச்சபையிற் சமர்ப்பிக்கப்பட்டது. அரசின் தன்மையைக் கூறவந்த இடத்தில் அவ்வறிக்கையின் ஆங்கில வடிவம் ஆங்கிலச் சொல் எதனையும் ஆளவில்லை. சிங்களத் தொடர் ஒன்றும் தமிழ்த் தொடர் ஒன்றும் ஆங்கில எழுத்துக்களிற் பெயர்த்தெழுதப்பட்டு, ஒரு சாய்கோட்டின் இருமருங்கும் நிறுத்தப்பட்டிருந்தன. ஒன்று 'ஏகீய ராஜ்யய'. மற்றையது 'ஒருமித்த நாடு'.

இவ்வாறு செய்தமைக்கு அறிக்கை ஒரு காரணமும் கூறிற்று. 'யூனிட்டரி ஸ்டேட்' என்னும் ஆங்கிலத் தொடரின் மரபான பொருள் மாறிவிட்டது; ஐக்கிய இராச்சியத்தில் வட அயர்லாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒன்றியத்திலிருந்து விலகிச் செல்லுதல் இன்று இயல்வதாகிவிட்டது; ஆதலின் அத்தொடர் இலங்கைக்குப் பொருந்தாது; பிரிக்கப்படாததும் பிரிக்கப்பட முடியாததுமான நாடு என்னும் கருத்தை 'ஏகீய ராஜ்யய' என்னும் சிங்களத் தொடரே செவ்வனே உணர்த்தும்; அதற்கு நிகரான தமிழ்த் தொடர் 'ஒருமித்த நாடு' ஆகும். அறிக்கையின் வாதம் இதுவே.

இவ்வாதத்தின் முற்பகுதி முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1998 ஆம் ஆண்டின் பெல்பாஸ்ற் உடன்படிக்கை, பெரும்பான்மை மக்கள் விரும்பின் வட அயர்லாந்து விலகலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. 2014 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஸ்கொட்லாந்தின் தனிநாட்டுக் கோரிக்கை அங்குள்ள மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோல்வி கண்டது. ஆயின் இவை ஆங்கிலத் தொடரைக் கைவிடுவதற்கு மாத்திரமே காரணமாகும். தமிழ்த் தொடரை ஏன் மாற்றவேண்டும் என்பதற்கு அங்கு விடையில்லை. நடைமுறையிலுள்ள 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 2 ஆம் உறுப்புரை, சிங்களத்தில் 'ஏகீய' என்றும் தமிழில் 'ஒற்றையாட்சி' என்றும் இலங்கை அரசின் தன்மையைக் கூறுகின்றது. 2017 இல் ஆங்கிலச் சொல் நீக்கப்பட்டது. தமிழ்ச் சொல் மாற்றப்பட்டது. சிங்களச் சொல் மாத்திரம் இருந்தவாறே இருந்தது. ஒரு மூலத்துக்கு நிகராக நேற்று ஒரு சொல்லும் இன்று வேறொரு சொல்லும் நிறுத்தப்படுமாயின், இரண்டும் நிகரானவை தாமா என்னும் வினா எழுதல் இயல்பே.

அவ்வினாவுக்கு விடை காண்பதற்குச் சொற்களின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். 'ஏகீய' என்பது ஒன்று எனப் பொருள்படும் 'ஏக' என்னும் வடசொல்லின் வழிவந்தது. பல சேர்ந்து ஒன்றாதலைக் குறிக்கச் சிங்களத்தில் 'எக்சத்' என்னும் வேறு சொல் உண்டு. ஐக்கிய தேசியக் கட்சியின் பெயரிலும் ஐக்கிய நாடுகளின் பெயரிலும் சிங்களத்தில் வழங்குவது அதுவே. சிங்களம் பேசுவோர் செவிகளில் 'ஏகீய', 'எக்சத்' என்னும் இரண்டும் தெளிவாக வேறுபட்டொலிக்கும் சொற்களாகும். தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'ஒற்றை' என்பது தொடக்கந்தொட்டே தனித்து நிற்பதைக் குறிக்கும். ஒற்றைப் பனை என்றால், இரு பனைகள் கூடி ஒன்றாயின என்று எவரும் பொருள் கொள்வதில்லை. 'ஒருமித்த' என்பதோ 'ஒருமி' என்னும் வினையடியாகப் பிறந்த இறந்தகாலப் பெயரெச்சம். வினை நிகழ்ந்து முடிந்ததை அது உணர்த்துகின்றது. முன்னர்ப் பலவாக இருந்தவை பின்னர் ஒன்றுபட்டன என்னும் செய்தி அவ்வெச்சத்துள்ளே அடங்கியிருக்கின்றது. கூட்டமொன்றில் 'ஒருமித்த கருத்து' எட்டப்பட்டது என்று கூறும்போது, பலர் பல கருத்துடையராய் வந்து ஈற்றில் உடன்பட்டனர் என்பதே பொருள். அங்கு உடன்பாடு என்னும் நிழற்பொருளும் உடன்வருகின்றது. 'ஒற்றை' என்பதில் அந்நிழல் இல்லை.

அடைமொழி மாத்திரமன்றி அடைகொண்ட பெயரும் மாறியிருத்தல் கவனிக்கத்தக்கது. 'ஒற்றையாட்சி' என்பதில் தலைமைச் சொல் 'ஆட்சி'. அதிகாரம் எங்குள்ளது, எவ்வாறு பகிரப்படுகின்றது என்பதே அச்சொல் எழுப்பும் வினா. 'ராஜ்யய' என்னும் சிங்களச் சொல்லும் அரசு என்னும் அமைப்பையே சுட்டுகின்றது. 'ஒருமித்த நாடு' என்பதில் ஆட்சியும் இல்லை, அரசும் இல்லை, நாடு மாத்திரமே உண்டு. நாடு என்பது நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் முதலில் நினைவூட்டும் சொல். எனவே சிங்களத் தொடர் அரசின் அமைப்பைப் பற்றிப் பேச, தமிழ்த் தொடர் நிலத்தின் பிளவுபடாமையைப் பற்றிப் பேசுகின்றது. அரசின் அமைப்பு யாது என்னும் வினா தமிழ்த் தொடரில் விடையின்றியே விடப்பட்டுள்ளது.

மொழிபெயர்ப்பாளர் கையாளும் எளிய சோதனைகள் இரண்டினால் இதனை உறுதி செய்துகொள்ளலாம். முதலாவது, பெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்தல். இவ்வறிக்கையை அறியாத ஒருவரிடம் 'ஒருமித்த நாடு' என்பதைக் கொடுத்துச் சிங்களத்தில் ஆக்குமாறு கேட்பின், அவர் 'எக்சத்' என்னும் சொல்லையே நாடுவார். 'ஏகீய' என்பது அவர் நாவில் எழுவது அரிது. 'ஏகீய ராஜ்யய' என்பதைத் தமிழாக்குமாறு கேட்பின், 'ஒற்றையாட்சி அரசு' என்றே விடை வரும். புறப்பட்ட இடத்துக்குச் சொல் திரும்பி வருவதில்லை. இரண்டாவது, எதிர்ச்சொல்லை நோக்குதல். ஒற்றையாட்சிக்கு எதிர் சமஷ்டியாட்சி. ஒருமித்த நாட்டுக்கு எதிர் பிளவுபட்ட நாடு. ஆதலினால் சமஷ்டி அமைப்புடைய நாடொன்றும் ஒருமித்த நாடாக இருத்தல் கூடும்; ஒற்றையாட்சி நாடாக இருத்தல் இயலாது. எதிர்ச்சொற்கள் வேறாக இருக்கும்போது இரு தொடர்களும் நிகரானவை என்று கொள்ளுதல் எங்ஙனம்?

இவ்விடத்து அறிக்கைக்கு நியாயம் வழங்கும்வகையில் ஒன்று கூறப்படுதல் வேண்டும். அறிக்கை இத்தொடர்களை வரையறையின்றி விட்டுவிடவில்லை. பிரிக்கப்படாததும் பிரிக்கப்பட முடியாததுமான அரசு என்றும், அரசியலமைப்பைத் திருத்தவோ நீக்கிப் புதியதொன்றை ஆக்கவோ உள்ள அதிகாரம் அரசியலமைப்பிற் கூறப்பட்டவாறு பாராளுமன்றத்திடமும் இலங்கை மக்களிடமும் இருக்கும் அரசு என்றும் அவற்றின் பொருள் அங்கு வரையறுக்கப்பட்டது. வரையறையின் முதற்பகுதி 'ஒருமித்த' என்பதற்கு அண்மையது. இரண்டாம் பகுதி ஒற்றையாட்சியின் கூறுகளுள் ஒன்றைத் தன்னுட் கொண்டது. ஆயின் நாளாந்தச் சட்டவாக்க அதிகாரம் மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையில் எவ்வாறு பகிரப்படும் என்பதைப் பற்றி வரையறை ஒன்றும் கூறவில்லை. ஆகவே வரையறை தரும் பொருள் 'ஒற்றையாட்சி' என்பதிற் குறைந்தது. 'ஒருமித்த நாடு' என்பதின் மிகுந்தது. மூன்றாவது பொருளொன்றே ஆவணத்தின் உண்மைப் பொருளாகும். அதனைச் சிங்களத் தொடர் மிகைப்படுத்திக் கூறுகின்றது. தமிழ்த் தொடர் குறைத்துக் கூறுகின்றது.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. 1987 ஆம் ஆண்டு மாகாண சபைகளை நிறுவும் பதின்மூன்றாவது திருத்தச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, 9 நீதியரசர் கொண்ட ஆயத்திற் கருத்துப் பிளவு ஏற்பட்டது. மத்திய பாராளுமன்றத்தின் மேலாண்மையும், அதற்கு நிகரான இறைமையுடைய வேறு சட்டமன்றம் இல்லாமையுமே ஒற்றையாட்சியின் சாரம் என்றும், மாகாண சபைகள் கீழ்ப்பட்ட அமைப்புகளே ஆதலின் அச்சாரம் கெடவில்லை என்றும் ஒரு சாரார் கொண்டனர். மறு சாரார் அத்திருத்தம் 2 ஆம் உறுப்புரைக்கு முரணானது எனக் கொண்டனர். ஒரே சொல்லை ஓதி ஒரே ஆயத்தில் அமர்ந்த நீதியரசர்கள் இரு முடிவுகளுக்கு வந்தனர். மேலும், 83 ஆம் உறுப்புரையின்படி 2 ஆம் உறுப்புரையை மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது; மக்கள் தீர்ப்பின் ஒப்புதலும் வேண்டும். வாக்களிக்கும் குடிமகன் தன் மொழியிலுள்ள சொல்லை நோக்கியே வாக்களிப்பான். சிங்கள வாக்காளனும் தமிழ் வாக்காளனும் வெவ்வேறு பொருளுக்கு உடன்படுவாராயின், அங்கு பெறப்படும் ஒப்புதல் ஒன்றன்று, இரண்டாகும்.

இப்பொருள் மயக்கம் தற்செயலாக நேர்ந்ததா, வேண்டுமென்றே ஆக்கப்பட்டதா என்பது அடுத்த வினா. மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்வினா இன்றியமையாதது. தற்செயலான மயக்கத்தைத் தெளிவுறுத்துதல் அவன் கடன். உடன்பாட்டின் பொருட்டு இருதரப்பாரும் அறிந்தே ஏற்றுக்கொண்ட மயக்கத்தை அவன் தெளிவுறுத்த முற்படின், உடன்பாட்டையே குலைத்தவனாவான். இணக்கம் தேடும் அரசியலில் இத்தகைய சொற்களுக்கு இடமுண்டு என்பதை மறுத்தல் இயலாது. ஒற்றையாட்சி என்னும் சொல்லைத் தமிழர் பிரதிநிதிகளால் ஏற்க இயலவில்லை. ஏகீய என்னும் சொல்லைக் கைவிடச் சிங்களத் தலைவர்களால் இயலவில்லை. இரண்டு தொடர்களையும் அருகருகே நிறுத்தியதனாலேயே உரையாடல் மேற்சென்றது என்று அதனை ஆதரிப்போர் கூறுதல் கூடும்.

எனினும், மயக்கம் பயன் தரவேண்டுமாயின் அது ஒரே சொல்லினுள் இருத்தல் வேண்டும். இருவரும் ஒரே சொல்லைப் பார்த்துத் தத்தமக்கேற்பப் பொருள் கொள்ளலாம். இங்கு நிகழ்ந்தது அதுவன்று. மயக்கமற்ற சொல்லொன்று ஒரு மொழியிலும், வேறு பொருளுடைய சொல்லொன்று மற்றைய மொழியிலும் வைக்கப்பட்டன. ஒவ்வொரு தரப்பாரும் தமது சொல்லை வாசித்து அமைதி கொள்வர் என்பது ஆக்கியோரின் எதிர்பார்ப்பாயிருக்கலாம். நடந்ததோ வேறு. ஒவ்வொரு தரப்பிலும் ஐயுற்றோர் மறு தரப்பின் சொல்லையே வாசித்தனர். சிங்களத் தேசியவாதிகள் தமிழ்த் தொடரை நோக்கி, ஏகீய என்னும் போர்வையினுள் சமஷ்டி மறைந்திருக்கின்றது என்றனர். தமிழ்த் தேசியவாதிகள் சிங்களத் தொடரை நோக்கி, ஒருமித்த நாடு என்னும் திரைக்குப் பின்னால் ஒற்றையாட்சியே நிற்கின்றது என்றனர். இருமொழி அறிந்தோர் வாழும் நாட்டில் இரு சொற்களை இரு சபையோருக்கெனப் பிரித்து வைத்தல் இயலாது என்பதனை இது காட்டிற்று.

இலங்கைத் தமிழர் அரசியலில் இத்தகைய நிகழ்வு புதியதன்று. 1949 ஆம் ஆண்டு டிசெம்பரிற் செல்வநாயகம் தலைமையில் நிறுவப்பட்ட கட்சி தமிழில் 'இலங்கைத் தமிழரசுக் கட்சி' எனவும், ஆங்கிலத்தில் 'பெடரல் பார்ட்டி' எனவும் வழங்கிற்று. தமிழ்ப் பெயர் சமஷ்டி என்று கூறவில்லை. ஆங்கிலப் பெயர் தமிழரசு என்று கூறவில்லை. 'அரசு' என்னும் சொல் சமஷ்டியின் உறுப்பாகிய அரசையும் குறிக்கும், தனியரசையும் குறிக்கும். எதிர்ப்பாளர் பின்னைய பொருளையே பற்றிக்கொண்டனர். 'சமஷ்டி' என்னும் சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. வடமொழியில் அது முழுமை, தொகுதி எனப் பொருள்படும். தனிமையைக் குறிக்கும் 'வியஷ்டி' என்பதன் எதிர்ச்சொல். சொற்பிறப்பின்படி ஒற்றுமையைக் குறிக்க வேண்டிய சொல், இலங்கை அரசியலிற் பிரிவினையின் மறுபெயராக அஞ்சப்பட்டது. சொற்பிறப்பு மாத்திரம் அரசியற் சொல்லின் பொருளைத் துணியாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 'ஏகீய' என்பதன் வேர் 'ஒன்று' ஆதலின் அது பிளவுபடாமையை மட்டுமே குறிக்கும் என்று வாதிப்போர், பல பதிற்றாண்டுகளாக அச்சொல் சட்டத்திலும் மேடையிலும் ஏற்றிக்கொண்ட பொருளை மறந்துவிடுகின்றனர்.

இடைக்கால அறிக்கை வெளிவருவதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன்னர், 2017 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4 ஆம் திகதி, உயர் நீதிமன்றம் இத்துறையில் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியிருந்தது. தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடே என்று கூறித் தொடரப்பட்ட வழக்கு அது. கட்சியின் யாப்பிலுள்ள தமிழ்ச் சொல் எத்தகைய ஆட்சிமுறையைக் குறிக்கின்றது என்பதும் அங்கு ஆராயப்பட்டது. பிளவுபடாத இலங்கையினுள் சமஷ்டியைக் கோருதல் பிரிவினையைக் கோருதலாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஒற்றையாட்சி, சமஷ்டி என்னும் முத்திரைகள் சில வேளைகளில் வழிதவறச் செய்யும் என்றும், ஒன்றின் இயல்புகள் மற்றொன்றிலும் காணப்படலாம் என்றும் அது சுட்டிக்காட்டியது. முத்திரையை விடுத்து உள்ளடக்கத்தை நோக்குக என்பதே அதன் சாரம். இஃது மொழிபெயர்ப்பாளனுக்கும் பொருந்தும் நெறியாகும்.

அண்டை நாடாகிய இந்தியாவின் அனுபவம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இந்திய அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை அந்நாட்டை மாநிலங்களின் ஒன்றியம் என்று கூறுகின்றது; சமஷ்டி என்னும் சொல்லை ஆளவில்லை. 1948 ஆம் ஆண்டு நவெம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் இதற்கு விளக்கம் தந்தார். இந்தியக் கூட்டாட்சி மாநிலங்களின் உடன்படிக்கையால் விளைந்ததன்று, ஆதலின் எந்த மாநிலத்துக்கும் விலகும் உரிமை இல்லை, அழிக்கப்படமுடியாதது என்பதனாலேயே ஒன்றியம் எனப்படுகின்றது என்பது அவர் விளக்கம். அங்கும் பொருள் மயக்கம் உண்டு. 2021 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசு 'மத்திய அரசு' என்பதை விடுத்து 'ஒன்றிய அரசு' என்று எழுதத் தொடங்கியபோது எழுந்த வாதங்கள் இதனைக் காட்டும். ஆயின் அதிகாரப் பகிர்வு அட்டவணைகளில் விரிவாக வகுக்கப்பட்டிருப்பதனால், ஒரு சொல்லின் மயக்கம் அமைப்பு முழுவதையும் ஐயத்துக்குள்ளாக்குவதில்லை. இலங்கையிலோ உள்ளடக்கம் முடிவாகுமுன் பெயரே போர்க்களமாயிற்று.

இவற்றை நோக்குமிடத்து, மொழிபெயர்ப்பாளன் முன் மூன்று வழிகள் உண்டு. 'ஒற்றையாட்சி' என்பதை நிலைநிறுத்தலாம். அது சிங்களச் சொல்லுக்கு உண்மையாகவும் வரையறைக்கு மாறாகவும் அமையும். 'ஒருமித்த நாடு' என்பதை ஆளலாம். அது தமிழ் வாசகனுக்கு இனிமையாகவும், சிங்கள வாசகன் பெற்ற பொருளுக்குப் புறம்பாகவும் அமையும். மூன்றாவது வழி, வரையறை யாது கூறுகின்றதோ அதனையே இரு மொழிகளிலும் கூறுதல். 'பிரிக்கப்படாததும் பிரிக்கப்பட முடியாததுமான அரசு' என்பதில் அழகில்லை. மேடையில் முழங்குவதற்கும் அது உதவாது. எனினும் சிங்களத்திலும் தமிழிலும் அது ஒரே பொருளைத் தரும். ஆட்சியமைப்பைப் பற்றி அது ஒன்றும் கூறாமையும் இரு மொழிகளிலும் ஒன்றேயாகும். இரு சாராரும் எதற்கு உடன்பட்டனர், எதனைப் பின்னைய உறுப்புரைகளுக்கு விட்டனர் என்பது அதனாற் புலப்படும்.

அரசகரும மொழிகள் பற்றிய சட்டநிலையும் இதனையே வற்புறுத்துகின்றது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு முதலில் ஆக்கப்பட்டபோது, சட்டவாசகங்கள் முரண்படுமிடத்து அரசகரும மொழியாகிய சிங்களத்தின் வாசகமே மேலோங்கும் என விதித்தது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம், சட்டம் இயற்றப்படும்போதே மேலோங்கும் வாசகம் எது என்பதைப் பாராளுமன்றம் தீர்மானித்தல் வேண்டும் என மாற்றிற்று. எவ்வாறாயினும், முரண்பாடு எழும்போது ஒரு வாசகம் வெல்லும், மற்றையது தோற்கும். தோற்கக்கூடிய வாசகத்தில் இனிய சொல்லை வைத்தல் அதனை வாசிப்போருக்குப் பாதுகாப்பாகாது. நீதிமன்றத்தில் அச்சொல் கைகொடுக்காத நாளிலேயே அதன் உண்மை விலை தெரியவரும்.

2017 ஆம் ஆண்டின் முயற்சி நிறைவேறாமலே நின்றது. 2 ஆம் உறுப்புரை இன்றும் மாற்றமின்றி இருக்கின்றது. புதிய அரசியலமைப்புப் பற்றிய பேச்சு மீண்டும் எழும்போது இவ்வினாவும் மீண்டும் எழும். அரசியற் பேச்சுக்களில் மொழிபெயர்ப்பாளன் இறுதி நாளிலே அழைக்கப்படுதலே வழமை. முடிந்த வாசகத்துக்குச் சொல் தேடித் தருவதே அவன் பணி எனக் கருதப்படுகின்றது. ஒருமித்த நாட்டின் வரலாறு அவ்வழமை பிழையானது என்பதைக் காட்டுகின்றது. வாசகம் ஆக்கப்படும் மேசையிலேயே இருமொழி வல்லார் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் மறுமொழிக்குப் பெயர்த்து, அதனை மீண்டும் பெயர்த்து, திரும்பி வராத சொல்லைச் சுட்டிக்காட்டுவாராயின், உடன்படாத இடம் எது என்பதைத் தலைவர்கள் அங்கேயே அறிந்துகொள்வர். அவ்விடத்தை அறிந்த பின்னர் உடன்படுவதோ உடன்படாது விடுவதோ அவர்கள் பொறுப்பு.